முந்நூற்றுப் பத்துக் காலடிகள்

குஸ்குன் மலை
மார்ச் 14

அன்புள்ள தாலாய் அண்ணாவுக்கு, தங்கை மேரிம் வணக்கம் சொல்லி எழுதுவது.

இன்றிலிருந்து இங்கே நடப்பதையெல்லாம் நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். பட்டாளத்தில் உனக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்தான் போன் தருகிறார்கள். அந்தப் பத்தையும் அம்மா, "கம்பளி பனியன் போட்டியா, சூப்பு குடிச்சியா" என்றே தீர்த்துவிடுகிறாள். எனக்குக் காகிதம்தான் மிச்சம்.

அப்பா சுகம். அம்மா சுகம். பதினொரு ஆடுகளும் சுகம். தேன் பெட்டிகளில் ஒன்று மட்டும் குளிரில் போய்விட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? முக்கியமாக, உன் கால்கள் நலமா?

பனி உருகி, உன் ஓட்டப் பாதை இரண்டாவது வளைவு வரை தெரிகிறது. நேற்று அப்பா தேசியப் பூங்காவின் ஜீப்பில் நகரத்திலிருந்து ஓர் ஆராய்ச்சியாளரை அழைத்து வந்தார். பெயர் ஜரிபா. நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். நீ வழிகாட்ட நட்டு வைத்த பலகைக் கற்களில் மூன்றாவதைப் பார்த்ததும் அவர் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நீ அடித்த வெள்ளை அம்புக்குறியை நகத்தால் சுரண்டினார்.

"இதுல பெயிண்ட் அடிச்ச மகராசன் யாரு?"

அப்பா வானத்தைப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்னேன். அப்பா என் காலை மிதித்தார்.

பெயிண்டுக்குக் கீழே ஒரு பூச்சியின் இறக்கை இருக்கிறது, அண்ணா. என் சுட்டுவிரல் நீளம். நரம்புகூடத் தெரிகிறது. இருபது கோடி ஆண்டுக்கும் மேலாக அது அந்தக் கல்லில் இருந்திருக்கிறது. அதன் நடுவே உன் அம்புக்குறி போகிறது.

அன்புடன்,
மேரிம்

*

ஏப்ரல் 2

நாலு கண்ணு மேரிமுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. நானும் நலம். கால்கள் மிக மிக நலம். காலை மணி அடிக்கும் முன்பே எழுந்து மைதானத்தை இருபது சுற்று ஓடுகிறேன். இங்கே இன்னும் தரையெல்லாம் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. எங்கள் சார்ஜென்ட், "தெற்கத்தி ஆடு வழுக்கிக்கிட்டுப் போகுது பாரு" என்கிறார்.

அந்த அக்காவிடம் சொல், அது மட்டமான பெயிண்ட் இல்லை, பூங்காக் கதவுக்கு வாங்கியது. அப்பா உன் காலை மிதித்தது சரிதான். நான் இருந்தால் இன்னொரு காலையும் மிதித்திருப்பேன்.

செப்டம்பர் கடைசியில் பத்து நாள் விடுப்பு தருவார்கள். மலை ஓட்டத்துக்குச் சரியாக வந்துவிடுவேன். என் நேரம் ஒரு மணி நாற்பத்தாறு நிமிடம் என்று அலுவலகச் சுவரில் எழுதியிருக்கிறது அல்லவா? அதை நாற்பத்தைந்து ஆக்க வேண்டும். இங்கே படுத்தால் அந்தப் பாதைதான் கண்ணுக்குள் ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள். மழைக்கு மண் சரிந்தால் எழுது.

பத்து மணி. விளக்கை அணைக்கிறார்கள்.

தாலாய்

*

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு யாவரும் நலம். ஆடு ஒன்று இரட்டைக் குட்டி போட்டது. உன் கால்கள் நலமா?

இது அவசரக் கடிதம். பூங்காத் தலைவர் இஸ்மான்குல் ஐயா அலுவலகத்தில் எல்லோரையும் கூட்டிப் பேசினார். நான் பின்னால் நின்று குறித்துக்கொண்டேன்.

உன் பதினான்கு கற்களில் ஒன்பதில் ஏதாவது இருக்கிறது. இறக்கை, மீன் செதில், இலை. மூன்றாவது கல்லில் இருக்கும் இறக்கை பாதிதான். மறுபாதி எங்கோ மலைக்குள் இருக்கிறது. எந்த இடத்துக் கல் என்று தெரியாவிட்டால், அது எந்தப் புத்தகத்திலிருந்து கிழித்தது என்று தெரியாத பக்கம் மாதிரி. நல்ல பக்கம்தான், ஆனால் படிக்க முடியாது. இது நான் சொன்னது. அக்கா, "ஏறக்குறைய அப்படித்தான்" என்றார்.

இஸ்மான்குல் ஐயா சொன்னார்: "செப்டம்பர் பத்தாம் தேதி மேலிடத்துக் கூட்டம். கல் வந்த இடம் தெரிஞ்சா அந்த எடத்த மட்டும் வேலி போட்டு அடைச்சிடலாம். தெரியலன்னா சரிவு முழுக்க மூடல்தான். மனுசன் கால் படக் கூடாது. ஓட்டமும் கிடையாது, பாதையும் கிடையாது."

இருபத்தொரு கிலோமீட்டரும், அண்ணா. நீ மூன்று கோடைக்காலம் முள் வெட்டிப் போட்ட பாதை.

கற்களை எங்கே எடுத்தாய்? உடனே எழுது.

மேரிம்

*

மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருபத்தைந்து நாளாகப் பதில் இல்லை. ஞாயிறு போனும் மூன்று வாரமாக வரவில்லை. அம்மா, "பயிற்சிக்குத் தூரமா கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்கிறாள். நீ நலம் என்றே நம்புகிறேன். உன் கால்கள் நலமா?

இங்கே நடந்தவை. அப்பாவும் அம்மாவும் திடீரென்று பிஷ்கெக் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். சித்தப்பா பேரனுக்குத் தொட்டில் விருந்தாம். ஒன்றை மட்டும் எழுத வேண்டும். விருந்திலிருந்து அவர்கள் வெறுங்கையுடன் திரும்பினார்கள். இறைச்சிப் பங்கு இல்லை, பொரித்த ரொட்டி இல்லை, ஒரு மிட்டாய்கூட இல்லை. விருந்துக்குப் போய்ப் பொட்டலம் இல்லாமல் வந்தவர்களை நம் தெருவில் நான் பார்த்ததே இல்லை.

"பங்கு எங்கம்மா?"

"பஸ்ல மறந்துட்டோம்டி."

"கண்ணு ஏன் வீங்கியிருக்கு?"

"அங்க வெங்காயம் உரிச்சேன். உனக்குப் பாடம் எதுவும் இல்லையா?"

எதிர்வீட்டு நூரிலா அக்காவின் கணவர் ருஷ்யாவில் வேலை செய்யும்போது விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். அந்தச் செய்தியைச் சொல்ல மூன்று பேர் வந்து, அவள் எதிரே உட்கார்ந்து, இரண்டு கிண்ணம் டீ குடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்கள். ஏன் போனிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "கெட்ட சேதிய காத்துலயும் காகிதத்துலயும் அனுப்பக் கூடாது. முகத்துக்கு முகம் உக்காந்துதான் சொல்லணும்," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு ஆட்டுக்கொட்டகைக்குப் போய் வெகுநேரம் நின்றாள்.

கல் எடுத்த இடத்தை எழுது.

மேரிம்

*

ஜூன் 8

மேரிமுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே? வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது, பென்சிலுக்கு மன்னிக்கவும். சாப்பாடு பரவாயில்லை. நன்றாகத் தூங்குகிறேன். இரட்டைக் குட்டிகளுக்குப் பெயர் வைத்தாயா?

கல் எடுத்த இடத்தை எழுதிக் காட்ட முடியாது. அதற்குப் பெயர் கிடையாது. ஓடித்தான் காட்ட முடியும். நானே வந்து காட்டுகிறேன் என்று அந்த அக்காவிடம் சொல்.

ஒன்பது மணி ஆகிவிட்டது. விளக்கை அணைக்கிறார்கள்.

தாலாய்

*

ஜூன் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

யாவரும் நலம். குட்டிகளுக்குக் கமா, அரைப்புள்ளி என்று பெயர் வைத்தேன். அப்பா இரண்டையுமே "ஏய்" என்றுதான் கூப்பிடுகிறார்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உறையையும் படித்தேன். முத்திரையில் என்ன ஊர் இருக்கிறது என்று பார்த்தேன். உங்கள் முகாமில் பத்து மணிக்கு விளக்கணைப்பார்கள் என்று முன்பு எழுதியிருந்தாய். பென்சிலைப் பற்றியும் யோசித்தேன். மல்லாந்து படுத்துக்கொண்டு மேல்நோக்கி எழுதினால் பேனா எழுதாது, பென்சில் எழுதும். நானே படுத்து எழுதிப் பார்த்தேன்.

எதையும் குறைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இந்த இடத்தில் ஒரு வரி குறைத்திருக்கிறேன். குறைத்தேன் என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

கூட்டம் செப்டம்பர் பத்து. நீ வருவது, வந்தால், மாதக் கடைசியில். அதற்குள் பாதை போய்விடும். எழுத முடியாத இடம் என்று ஒன்று கிடையாது. நீ ஓடுகிற மாதிரியே எழுது. எங்கே மூச்சு வாங்கும், எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், எல்லாவற்றையும். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் உன் பின்னால் ஓடி வருகிறேன்.

ஆமாம், ஓடத் தொடங்கிவிட்டேன். போன வருடம் உனக்கு அடுத்து வந்த மிர்லான் வழியில் என்னைப் பார்த்து நின்றான். "என்னது, நூலகம் ஓடுது? கண்ணாடிய கழட்டிட்டு ஓடு, மரம் பயந்து ஒதுங்கும்," என்றான். கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு மரமே தெரியாது. முதல் வளைவிலேயே வாந்தி எடுத்தேன். இரண்டாம் நாள் இரண்டாவது வளைவில் எடுத்தேன். முன்னேற்றம்தான்.

மேரிம்

*

ஜூலை 15

மேரிமுக்கு,

அப்பா, அம்மா, கமா, அரைப்புள்ளி எல்லோரையும் கேட்டதாகச் சொல். நான் இருக்கிறேன். சரி, கிளம்பு.

காலை ஆறு மணிக்குப் போ. ஊற்றுக்குப் பக்கத்தில், துணி முடிந்து வைத்த காட்டு வாதுமை மரம் இருக்கிறது அல்லவா? அதன் கீழே நின்று இரண்டு மடக்குத் தண்ணீர் குடி, மூன்றாவது வேண்டாம். அங்கிருந்து கீழே இறங்கும் ஆட்டுத்தடம் ஒன்று உண்டு. எல்லோரும் மேலேதான் போவார்கள், அதனால் யாருக்கும் தெரியாது. வெயில் இடது கன்னத்தில் பட வேண்டும். காலுக்குக் கீழே மண் சிவப்பிலிருந்து சாம்பல் நிறமாகும். அப்போது சத்தம் மாறும். தட் தட் என்று கேட்டது, பீங்கான் தட்டு மேல் ஓடுகிற மாதிரி கிணுகிணு என்று கேட்கும். ஒரு இடத்தில் பிஸ்தாப் புதர் கையைக் கீறும், அதைத் திட்டிக்கொண்டே போ. வலது பக்கம் மலை புத்தகம் அடுக்கிய மாதிரி தாள் தாளாக நிற்கும். அங்கேதான்.

அங்கிருந்து ஒரு கல்லை முதுகில் கட்டிக்கொண்டு மேலே ஓடி வருவேன். இறங்கும்போது ஒருபோதும் சுமக்க மாட்டேன், முட்டிக்கு ஆகாது. மரம் வரை எண்ணிக்கொண்டே வருவேன். பதினான்கு தடவையும் முந்நூற்றுப் பத்துக் காலடி. ஒன்று கூட, ஒன்று குறைய.

இதை எழுதும்போது எனக்கு மூச்சு வாங்கியது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர், "என்ன தம்பி, எங்க ஓடிட்டு வர்ற?" என்று கேட்டார்.

தாலாய்

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். தோற்றுப் போனதை எழுதுகிறேன்.

ஜரிபா அக்காவும் நானும் ஐந்து நாள் தேடினோம். மரம் இருந்தது, ஆட்டுத்தடம் இருந்தது, சாம்பல் மண்ணும் வந்தது. ஆனால் தடம் அங்கே ஐந்தாகப் பிரிகிறது. ஐந்திலும் மரத்திலிருந்து எண்ணி முந்நூற்றுப் பத்துக் காலடி போய்த் தோண்டினோம். முள்ளும் ஒரு பழைய ஷூவும் கிடைத்தன. ஷூ உன்னுடையது இல்லை.

அக்கா சலித்துக்கொண்டு, "ஒங்கண்ணன் எண்ணத் தெரியாதவனா?" என்றார். "அவனுக்கு எண்ணறது ஒண்ணுதான் ஒழுங்கா வரும்," என்றேன். அப்புறம்தான் உறைத்தது. எண்ணியது நீ, நடந்தது நான்.

அன்று மாலை அக்கா ஏதோ விலங்கின் கல்லான காலடித் தடங்களின் படத்தைக் காட்டினார். தடத்துக்குத் தடம் உள்ள தூரத்தை அளந்தால் அது எவ்வளவு வேகமாக ஓடியது என்று சொல்லிவிடலாமாம். நான் அவர் கையைப் பிடித்து நம் வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

இரண்டு வருடம் முன்பு அப்பா கொட்டகை வாசலில் ஈரச் சிமெண்டு பூசி வைத்திருந்தபோது நீ பயிற்சியிலிருந்து நேராக அதன்மேல் ஓடிப் போனாயே. அப்பா மண்வெட்டியோடு துரத்தினாரே. ஐந்து தடங்களும் அப்படியே இருக்கின்றன. அம்மா அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போகிறாள். மே மாதத்துக்குப் பிறகுதான் அப்படிச் சுற்றிப் போகிறாள் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

அக்கா அளந்தார். ஒரு மீட்டர் நாற்பத்திரண்டு. "ஆனா முதுகுல கல்லு, மேடு வேற. அடி சின்னதாயிருக்கும்," என்றார். நான் பன்னிரண்டு கிலோ உருளைக்கிழங்கைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஓடிக் காட்டினேன். என் காலடி பத்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்தக் கணக்கில் உன் முந்நூற்றுப் பத்து என்பது முந்நூற்றுத் தொண்ணூறு மீட்டருக்கு மேல். நாங்கள் நூற்றெண்பது மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டோம்.

நாளை கயிறு பிடித்து அளக்கப் போகிறோம்.

மேரிம்

*

ஆகஸ்ட் 5

சூயுஞ்சு, அண்ணா. நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன். வழக்கப்படி நீ, பரிசு தருவேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுக் கீழே படி.

சொன்னாயா?

நான்காவது தடம். பிஸ்தாப் புதர் என் கையையும் கீறியது, நானும் திட்டினேன். கயிறு முடிந்த இடத்திலிருந்து ஆறு மீட்டர் தள்ளி மலை தாள் தாளாக நின்றது. நீ கடப்பாறை போட்ட தழும்புகள் பதினான்கும் இருந்தன. அக்கா மூன்றாவது கல்லின் ஓரத்தை வைத்து ஒவ்வொரு தழும்பாகப் பொருத்திப் பார்த்தார். ஏழாவதில் பொருந்தியது. அடுத்த தாளைத் தூரிகையால் துடைத்தார். இறக்கையின் மறுபாதி.

அக்கா தூரிகையைக் கீழே வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதியை என் தலையில் ஊற்றினார்.

பரிசு என்ன என்று பிறகு சொல்கிறேன்.

மேரிம்

*

ஆகஸ்ட் 28

தங்கைக்கு,

மூன்று தடவை சொன்னேன். இங்கே எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு ஓர் ஆப்பிள் கொடுத்தார்.

விடுப்பு கிடைக்காது போலிருக்கிறது. ஓட்டத்தை யார் ஜெயித்தாலும் உள்ளபடி எழுது. எனக்காகக் கூட்டாதே, குறைக்காதே.

என்ன பரிசு வேண்டும்? கேள்.

தாலாய்

*

செப்டம்பர் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்த முறை உன் கால்களை விசாரிக்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

கூட்டம் நல்லபடி முடிந்தது. கல் எடுத்த இடத்துக்கு மட்டும் வேலி. பாதை இருக்கிறது. உன் கற்கள் பதினான்கும் அலுவலக அறைக்குப் போய்விட்டன, பதிலுக்கு மர அம்புகள் நட்டிருக்கிறார்கள். அப்பாதான் பெயிண்ட் அடித்தார். ஜரிபா அக்கா, "இந்தக் குடும்பத்துக்குப் பெயிண்ட் டப்பாவக் காட்டக் கூடாது," என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்றார்.

நேற்று ஓட்டம் நடந்தது. நாற்பத்தொரு பேர். மிர்லான் முதலில் வந்தான். ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம் முப்பது விநாடி. சுவரில் உன் பெயருக்கு மேலே அவன் பெயரை எழுதினார்கள். உள்ளபடி எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். அவன் சுண்ணாம்புக் கட்டியை வாங்கி, அடியில், "பாதை போட்டவன் தாலாய்" என்று தன் கையாலேயே எழுதினான். எழுத்துப் பிழை இருந்தது, நான் திருத்தவில்லை.

நானும் ஓடினேன். நாற்பத்தொன்றாவது. நான் வந்து சேரும்போது இஸ்மான்குல் ஐயா கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றை மட்டும் திரும்ப விரித்துப் பிடித்தார். வாதுமை மரத்தடியில் இரண்டு மடக்குதான் குடித்தேன். சாம்பல் மண் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தக் கிணுகிணுச் சத்தம் இனி யாருக்கும் கேட்காது, உன் கடிதத்தில்தான் இருக்கிறது.

இப்போது பரிசு. ஜூன் மாதம் நான் குறைத்த வரியை இன்றும் எழுதப் போவதில்லை. கெட்ட சேதியைக் காகிதத்தில் அனுப்பக் கூடாது. ஆனால் இன்று சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன்: "பிஷ்கெக்ல தொட்டில் விருந்து நடக்கலன்னு எனக்கு மே மாசமே தெரியும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா?"

"நீங்கதான். பொட்டலம் இல்லாம வந்தீங்க."

அப்பா டீக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "பனிக்கட்டியில ஓடி விழுந்துட்டான். இவளுக்குச் சொல்ல வேணாம், இவ அப்படியே எழுதிப்புடுவான்னு சொன்னான்," என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மிச்சத்தை நீதான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் பிஷ்கெக்குக்கு வருகிறோம். உன் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு கிண்ணம் டீ குடிப்போம். அதற்குப் பிறகு நீ உன் வாயால் என்னிடம் சொல்ல வேண்டும். அதுதான் பரிசு. நான் குறிப்பெடுக்க மாட்டேன்.

அம்மா இப்போதே ரொட்டி பொரிக்கத் தொடங்கிவிட்டாள். கொட்டகை வாசலுக்குப் புதுச் சிமெண்டு போடலாம் என்று அப்பா சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வந்து நடந்து பார்த்துச் சொல். மெதுவாக நடந்தாலும் அதன் மேல்தான் நடக்க வேண்டும், சுற்றிப் போகக் கூடாது.

"நாலு மணிக்கு எழுந்து ஆட்டைப் பாக்கணும், கரண்டு வீணாகுது, படுடி" என்று அம்மா அடுக்களையிலிருந்து கத்துகிறாள். இன்னும் ஒரு வரிதான் என்றேன். அவள் கேட்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டாள்.